தைராய்டு சுரப்பியை எடுத்தபின்: எந்த மணியில், எந்த நாளில் எதைக் கவனிக்க வேண்டும்?

இரவுப்பணி எழுதியது:

தைராய்டு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் கையில் கொடுக்கும் தாளைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. "காயத்தை ஈரமில்லாமல் வைக்கவும். மாத்திரையைத் தவறாமல் சாப்பிடவும். தொந்தரவு இருந்தால் வரவும்." எந்தத் தொந்தரவு? எப்போது வரும்? ராத்திரி இரண்டு மணிக்கே ஓடி வரணுமா, விடியும்வரை பொறுக்கலாமா? ஒரு வார்த்தை கிடையாது.

இந்த ஆபரேஷனில் ஒவ்வொரு சிக்கலும் அதனதன் நேரத்தில்தான் வரும். ரத்தக்கசிவு என்றால் முதல் நாள். கால்சியம் இறங்குவது இரண்டாம், மூன்றாம் நாள். மாத்திரை அளவு சரியா என்று தெரிய ஆறு வாரம். குரல் என்றால் மாதக்கணக்கு. அந்த வரிசையில் துறை தெரிந்தவர்கள் எழுதினால் தாளில் இல்லாதது இங்கே இருக்கும். சொந்தக் கதை வேண்டாம், விஷயம் மட்டும்.

---

கத்தியும்நூலும் எழுதியது:

முதலில் எதை எடுக்கிறோம், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் சிக்கல் எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான்.

தைராய்டு மூச்சுக்குழாயின் முன்பக்கம் ஒட்டிக்கொண்டு இருக்கும். இரண்டு மடல், நடுவில் ஒரு பாலம். இயல்பான எடை 15 முதல் 25 கிராம். அதன் முதுகில் நாலு பாராதைராய்டு சுரப்பிகள். ஒவ்வொன்றும் ஒரு அரிசி மணி அளவு, 30–50 மில்லிகிராம். நிறம் கிட்டத்தட்ட சுற்றியுள்ள கொழுப்பின் நிறமே. ரத்தத்தில் கால்சியத்தை நிறுத்திப் பிடிப்பது இந்த நாலும்தான். எடுக்காமல் விட்டாலே போதாது, அவற்றுக்கு வரும் மயிரிழை ரத்தக்குழாயும் தப்ப வேண்டும். கடைசியாக, குரல்நாணை அசைக்கும் நரம்பு பக்கத்துக்கு ஒன்றாக, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலுள்ள பள்ளத்தில் மேலேறிப் போகும்.

ஆக ரத்தக்குழாய், பாராதைராய்டு, நரம்பு. நோயாளி பயப்பட வேண்டியதும் இந்த மூன்றுக்குத்தான்.

கழுத்தின் இயல்பான மடிப்பில் 4–6 செ.மீ. கீறல். பெரிய கட்டி என்றால் இன்னும் நீளம். தோளுக்கு அடியில் சுருட்டு வைத்துத் தலையைப் பின்னால் சாய்ப்போம். விழித்ததும் பிடரி வலிக்கிறதே என்று பலர் கேட்பது அதனால்தான். காயத்தைவிடப் பிடரி வலி அதிகமாக இருப்பது சகஜம், இரண்டு மூன்று நாளில் போய்விடும். முழு நீக்கத்துக்குப் பொதுவாக ஒன்றரை முதல் மூன்று மணி நேரம். நெறிக்கட்டிகளையும் எடுப்பதென்றால் கூடும்.

---

மயக்கமருந்து மேசை எழுதியது:

ஆபரேஷனுக்கு முந்தைய நாட்களைப் பற்றி நான் எழுதுகிறேன்.

திட உணவுக்கும் பாலுக்கும் 6 மணி நேர இடைவெளி, தெளிந்த தண்ணீருக்கு 2 மணி நேரம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை எது சாப்பிட்டாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். எதை, எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்பது மருந்துக்கு மருந்து மாறும். இதயத்தில் ஸ்டென்ட் உள்ளவர்கள் தாங்களாக எதையும் நிறுத்தக் கூடாது.

கிரேவ்ஸ் நோயில், அதாவது சுரப்பி மிகையாகச் சுரப்பவர்களில், ஹார்மோன் கட்டுக்குள் வராமல் மேசையில் ஏற்றினால் தைராய்டு புயல் வரலாம். காய்ச்சல், தறிகெட்ட இதயத்துடிப்பு, பிதற்றல் என்று போய் உயிரையே பறிக்கும். அதனால்தான் சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை கொடுத்து வாரக்கணக்கில் காத்திருக்கிறோம். சரிவர வந்தபின், ஆபரேஷனுக்கு முந்தைய 7–10 நாள் அயோடின் சொட்டு மருந்து கொடுப்பது உண்டு. சுரப்பியின் ரத்த ஓட்டம் குறைந்து கட்டி இறுகும், கத்தி வைப்பவருக்குக் கசிவு குறையும்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. புரோப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பானை, அதாவது இதயத்துடிப்பைத் தணிக்கும் மாத்திரையை, "இன்று வெறும் வயிறு" என்று காலையில் விட்டுவிடுகிறார்கள். அதை ஒரு மடக்குத் தண்ணீரோடு போட்டே வர வேண்டும். ஆபரேஷன் முடிந்ததும் சட்டென்று நிறுத்தவும் கூடாது. சுரப்பி போனாலும் ரத்தத்தில் உள்ள தைராக்சின் (தைராய்டு ஹார்மோன்) பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும். கார்பிமசோல் மட்டும் சுரப்பியோடு முடிந்துவிடும்.

தொண்டையில் போடும் குழாயால் ஓரிரண்டு நாள் தொண்டை கரகரக்கும். அதை நரம்புச் சேதம் என்று நினைத்துக் கலங்க வேண்டாம்.

---

இரவுப்பணி எழுதியது:

முதல் 24 மணி நேரம் எங்கள் பொறுப்பு என்பதால் அதை நான் எழுதுகிறேன்.

நூறில் ஒருவர் இருவருக்குக் கழுத்துக்குள் ரத்தம் தேங்கும். பெரும்பாலும் முதல் ஆறு மணி நேரத்துக்குள், அபூர்வமாக ஒரு நாள் கழித்தும். இடம் சின்னது, ரத்தம் போக வழியில்லை. அழுத்தத்தில் குரல்வளைச் சுற்றுப்புறம் நீர்கோத்து வீங்கி, மூச்சுவழி உள்ளிருந்தே அடைபடும். அதனால் வெளியே தெரியும் வீக்கத்தின் அளவை வைத்து ஆபத்தை அளக்கக் கூடாது.

முதல் அறிகுறி மூச்சுத்திணறல் என்று எதிர்பார்த்துக் கொண்டிருந்தால் தாமதமாகிவிடும். அதற்கு முன்பே நோயாளி நிலைகொள்ளாமல் இருப்பார். படுக்க முடியாது, எழுந்து உட்காருவார், "காலர் இறுக்கிப் பிடிக்குது" என்பார், எச்சில் விழுங்கச் சிரமப்படுவார். குரல் மாறும். மூச்சு இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால் நேரம் மிகக் குறைவு. ஆக்சிஜன் அளவு கடைசியில்தான் விழும். விரல் கருவியில் 98 காட்டுகிறதே என்று ஆறுதல் அடையவே கூடாது.

இந்த நிலையில் தியேட்டர் தயாராகட்டும் என்று காத்திருக்க முடியாது. கட்டை விலக்கி, தையலை வெட்டி, தோலைத் திறந்து, அடியில் உள்ள தசைகளையும் பிரித்து ரத்தக்கட்டை வெளியே எடுக்க வேண்டும், கட்டில் அருகிலேயே. அதற்கான கத்தரியும் இடுக்கியும் உள்ள சின்னப் பெட்டி தலைமாட்டில் இருக்கணும், ஷிப்ட் மாறும்போது அது இருக்கிறதா என்று பார்த்துத்தான் கைமாற்றணும். உடன் இருப்பவர்கள் "அந்தப் பெட்டி எங்கே?" என்று கேட்டால் எந்த நல்ல வார்டும் கோபித்துக்கொள்ளாது.

தலைப்பக்கம் உயர்த்திப் படுப்பது நல்லது, 30 டிகிரி வாக்கில். தடித்த தலையணை வைத்துக் கழுத்தை முன்னால் மடக்கிவிடாதீர்கள், கட்டிலையே உயர்த்துங்கள். கழுத்தைச் சுற்றிப் பெரிய கட்டுத்துணி போட்டு மூடாமல் இருந்தால் எங்களுக்குப் பார்க்க வசதி.

---

வாசல்படி எழுதியது:

ஒரு சந்தேகம். டிரெயின் குழாய் வைத்தால் ரத்தம் அதன் வழியே வெளியே வந்துவிடுமே, பிறகு எப்படித் தேங்கும்?

---

கத்தியும்நூலும் எழுதியது:

நல்ல கேள்வி, பல மருத்துவர்களுக்கே இருக்கும் தவறான நிம்மதி இது. வேகமாகக் கசியும் ரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடும். குடுவை காலியாக இருக்கும், கழுத்து வீங்கிக்கொண்டிருக்கும். வழக்கமான தைராய்டு நீக்கத்தில் டிரெயின் வைப்பதால் ரத்தத்தேக்கம் குறைவதில்லை, ஆஸ்பத்திரியில் தங்கும் நாள்தான் கூடுகிறது. மார்புக்குள் இறங்கிய பெரிய கட்டி, பக்கவாட்டு நெறிக்கட்டி நீக்கம் போன்றவற்றில் நானும் வைப்பேன். நீர் வடிய மட்டும். ஆபத்தைத் தடுக்க என்று நினைத்து வைப்பதில்லை.

---

சுரப்பியியல் எழுதியது:

இப்போது கால்சியம். என் கணக்கில் இந்த இழையின் மையமே இதுதான், ஏனென்றால் இது வீட்டுக்குப் போனபின் வருவது.

முழு நீக்கம் செய்தவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை தற்காலிகமாகக் கால்சியம் குறையும். பாராதைராய்டுகள் அதிர்ச்சியில் சில நாள், சில வாரம் தூங்கிவிட்டு எழுந்துகொள்ளும். நூறில் ஒருவர் முதல் மூவருக்கு அது நிரந்தரம். அடிமட்டம் தொடுவது பெரும்பாலும் 24 முதல் 72 மணிக்குள், அதாவது டிஸ்சார்ஜ் ஆன மறுநாள்.

தொடக்கம் எப்போதும் மெல்லத்தான். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல் இருக்கும். விரல் நுனியில் ஊசி குத்தும். பிறகு கெண்டைக்கால் பிடிப்பு. இன்னும் இறங்கினால் உள்ளங்கை தானாக மடங்கும்: கட்டைவிரல் உள்ளே போகும், மற்ற விரல்கள் நீட்டியபடி ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைக் கையில் இறுக்கி மூன்று நிமிடம் வைத்தால் இந்த வடிவம் வருவதை நேரிலேயே பார்க்கலாம். குரல்வளை இறுகுவதும் வலிப்பும் இதயத்துடிப்பு பிசகுவதும் கடைசிக் கட்டம்.

உதடு மதமதத்தால்: மருத்துவர் எழுதிக் கொடுத்த கூடுதல் கால்சியத்தை உடனே மென்று விழுங்குங்கள். அரை மணி, முக்கால் மணியில் தணியாவிட்டாலோ, கை இறுகினாலோ அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே 10 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி.யை ஈ.சி.ஜி. பார்த்தபடி பத்து நிமிடத்தில் ரத்தக்குழாய் வழியே ஏற்றுவார்கள்.

இரண்டு சூட்சுமம். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கினாலும் இதே ஊசிக்குத்து வரும், ரத்தத்தில் காரத்தன்மை ஏறி அயனிக் கால்சியம் (புரதத்தோடு ஒட்டாமல் வேலை செய்யும் பங்கு) இறங்குவதால். அதனால் பரிசோதனை இல்லாமல் "எல்லாம் பயம்தான்" என்றோ "எல்லாம் கால்சியம்தான்" என்றோ முடிவு கட்டக் கூடாது. அடுத்து, குளுக்கோஸ் பாட்டில் ஏறியபின் அல்புமின் என்ற ரத்தப் புரதம் நீர்த்திருக்கும். மொத்தக் கால்சியம் 8 என்று வந்தால் உடனே திகைக்காமல், அல்புமின் 4-க்குக் கீழே குறையும் ஒவ்வொரு 1 கிராமுக்கும் 0.8 கூட்டிப் பாருங்கள். முடிந்தால் அயனிக் கால்சியமே பாருங்கள்.

எத்தனை ஏற்றினாலும் கால்சியம் ஏறவே மாட்டேன் என்கிறதா? மெக்னீசியம் பாருங்கள். அது குறைந்திருந்தால் பாராதைராய்டு வேலை செய்யாது.

---

கத்தியும்நூலும் எழுதியது:

இதனால்தான் என் கட்சி: முழு நீக்கம் செய்த எல்லோருக்கும் முதல் இரண்டு வாரம் கால்சியம் கொடுத்து அனுப்பிவிடலாம். மலிவு, ஆபத்து குறைவு.

---

சுரப்பியியல் எழுதியது:

எல்லோருக்கும் கொடுப்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆபரேஷன் முடிந்த சில மணிகளில் ரத்தத்தில் பி.டி.எச். (பாராதைராய்டு சுரக்கும் ஹார்மோன்) பாருங்கள். 15 பிகோகிராமுக்கு மேல் இருந்தால் பெரிய சரிவு வருவது அரிது. அதற்குக் கீழே என்றால் கால்சியத்தோடு கால்சிட்ரியாலும் (வைட்டமின் டி-யின் செயல்படும் வடிவம்) சேர்த்துத் தொடங்குங்கள், வழக்கமாக 0.25 முதல் 0.5 மைக்ரோகிராம், நாளுக்கு இரண்டு வேளை. கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் கொடுத்தால் இன்னொரு தொல்லை: யாரும் நிறுத்தச் சொல்வதில்லை. மூன்று மாதம் கழித்து மலச்சிக்கல், ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், மந்தம் என்று வருவார்கள். பார்த்தால் கால்சியம் அளவுக்கு மீறி 12.

---

கத்தியும்நூலும் எழுதியது:

பி.டி.எச். முடிவு அன்றே கிடைக்கும் இடத்தில் நீங்கள் சொல்வது சரி. கிடைக்காத இடத்தில், நோயாளி ராத்திரி வண்டி பிடிக்க முடியாத தூரத்தில் இருந்தால், நான் கொடுத்துத்தான் அனுப்புவேன். ஆனால் சீட்டில் நிறுத்தும் தேதியையும் எழுத வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன்.

கிரேவ்ஸ் நோயாளிகளைத் தனியாகப் பாருங்கள். அதுவரை கரைந்துகொண்டிருந்த எலும்பு சட்டென்று ரத்தத்துக் கால்சியத்தை இழுத்துக்கொள்ளும், பாராதைராய்டு நன்றாக இருந்தாலும். வைட்டமின் டி குறைந்தவர்களுக்கும் சரிவு கூடுதல், அதை முன்பே ஈடு செய்துவிடுவது நல்லது.

---

மாத்திரைப்பெட்டி எழுதியது:

மருந்து கொடுக்கும் மேசையிலிருந்து.

கால்சியம் கார்பனேட் 1250 மி.கி. என்று அட்டையில் இருந்தால் அதில் கால்சியம் 500 மி.கி. மட்டுமே. மருத்துவர் "500" என்பது எதைக் குறிக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் குழப்பிப் பாதி அளவு சாப்பிட்டுவிட்டு, மதமதப்பு குறையவில்லையே என்பவர்கள் உண்டு. கார்பனேட்டுக்கு வயிற்று அமிலம் வேண்டும், சாப்பாட்டோடு போடணும். ஒமெப்ரசோல், பேன்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு சிட்ரேட் வகை பொருந்தும்.

அடுத்தது பெரிய தகராறு: தைராக்சினும் கால்சியமும் வயிற்றில் சந்தித்தால் தைராக்சின் ஏறாது. நாலு மணி நேரம் தள்ளணும். இரும்பு மாத்திரை, அமில முறிவு மருந்துக்கும் இதே கணக்கு. நடைமுறையில் இப்படி வரும்: காலை 6 மணிக்குத் தைராக்சின், தண்ணீரில் மட்டும். 7 மணிக்கு மேல் காபியோ சிற்றுண்டியோ. முதல் கால்சியம் பத்தரை வாக்கில் ஏதாவது கொறித்துக்கொண்டு, அடுத்தது மதிய உணவு தாண்டி மூன்று மணிக்கு அதேபோல், கடைசி இரவு உணவோடு. இரவில் தைராக்சின் போடும் வழக்கம் உள்ளவர்கள் இந்தக் காலத்தில் காலைக்கு மாறுவது சுலபம்.

---

சுரப்பியியல் எழுதியது:

அட்டவணை அருமை. ஒரு திருத்தம், இது முக்கியம். முதல் வாரத்தில் உதடு மதமதத்தால், "ஐயோ, தைராக்சின் போட்டு ஒரு மணிதானே ஆச்சு" என்று யாரும் நாலு மணி நேரம் காத்திருக்கக் கூடாது. கால்சியத்தை உடனே போடுங்கள். தைராக்சினின் அரை ஆயுள் ஏழு நாள், ஒரு வேளை வீணானால் ஒன்றும் ஆகாது. கால்சியம் நிமிடக் கணக்கு.

---

மாத்திரைப்பெட்டி எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், அதை நான் எழுதியிருக்க வேண்டும்.

---

குரல்நாண் எழுதியது:

குரலைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே, பேச்சுப் பயிற்சிப் பக்கத்திலிருந்து வருகிறேன்.

ஒரு பக்க நரம்பு அயர்ந்தால் குரலில் காற்று கலக்கும். ஒரு மூச்சில் பத்து எண்ணுவதற்குள் நின்றுவிடும். இருமினால் வெடிப்பு இருக்காது, புஸ்ஸென்று போகும். தண்ணீர் குடித்தால் புரையேறும், ஆனால் கெட்டியான உணவு ஒழுங்காக இறங்கும். இந்த வித்தியாசத்தைக் கவனித்துச் சொல்லுங்கள். முகவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, தலையைப் பலவீனமான பக்கம் திருப்பி, சின்ன மடக்காக விழுங்கினால் புரையேறுவது குறையும்.

இரண்டு வாரம் தாண்டியும் குரல் கட்டியிருந்தால் குரல்நாணைக் கேமரா வைத்துப் பார்க்க வேண்டும். தற்காலிகச் சேதம் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் திரும்பும், ஒரு வருடம்வரை இடம் உண்டு. அதுவரை சும்மா காத்திருக்க அவசியமில்லை. அசையாத நாணுக்குள் கரையக்கூடிய பொருளை ஊசியால் ஏற்றி நடுவுக்குத் தள்ளினால் குரலும் இருமலும் உடனே தேறும். முணுமுணுத்துப் பேசுவது குரலுக்கு ஓய்வு ஆகாது. இயல்பாக, குறைவாகப் பேசுங்கள்.

சுரப்பியின் மேல் துருவத்தில் ஓடும் இன்னொரு சின்ன நரம்புக் கிளை பாதித்தால் பேச்சு சரியாகவே இருக்கும், உச்சஸ்தாயி மட்டும் எட்டாது, மாலைக்குள் குரல் களைத்துவிடும். பாடகர்களும் ஆசிரியர்களும் ஆபரேஷனுக்கு முன்பே தங்கள் தொழிலைச் சொல்லிவிடணும். அமெலிட்டா கல்லி-குர்சி என்ற ஓபரா பாடகி 1935-ல் தைராய்டு ஆபரேஷனால் குரல் இழந்தார் என்று பாடப்புத்தகம் வரை கதை ஏறியிருக்கிறது. பின்னாளில் ஆராய்ந்தவர்கள் அதை மறுத்திருக்கிறார்கள். கதை எப்படியோ, அந்த நரம்பு உண்மை.

---

கத்தியும்நூலும் எழுதியது:

இதோடு ஒன்று. மூச்சுக்குழாயில் மின்முனை பொருத்திய குழாய் போட்டு நரம்பின் சமிக்ஞையைக் கேட்டபடி வெட்டுவது இப்போது பரவலாக இருக்கிறது. முதல் பக்கத்தில் சமிக்ஞை போய்விட்டால், மறுபக்கத்தைத் தொடாமல் மூடிவிடுவது நல்ல முடிவு. இரண்டு நாணும் ஒரே நாளில் செயலிழந்தால் குரல் போவதோடு நிற்காது, மூச்சே அடைபட்டுத் தொண்டையில் துளை போட நேரும். "முழுசா எடுக்கிறேன்னு சொல்லிப் பாதிதான் எடுத்தாங்க" என்று கோபப்படும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

---

சுரப்பியியல் எழுதியது:

தைராக்சின் அளவு: முழு நீக்கத்துக்குப் பின் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ என்றால் 96, ஆகவே 100-ல் தொடங்குவோம். வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் குறைவாகத் தொடங்கி ஏற்றணும். மாத்திரை அளவு சரியா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை பார்ப்பது 6 முதல் 8 வாரத்தில். இரண்டாம் வாரமே பார்த்து அளவை மாற்றுவது, பிறகு நாலாம் வாரம் மறுபடி மாற்றுவது, இப்படி ஊஞ்சலாடுகிறவர்கள் அதிகம். அளவு நிலைபெறவே அத்தனை நாள் வேண்டும். பயோட்டின் கலந்த முடி, நக மாத்திரைகளை ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், இல்லையென்றால் முடிவே பொய் சொல்லும். கம்பெனி மாற்றி வாங்கினால் மறுபடி ஒருமுறை பாருங்கள். கர்ப்பம் தெரிந்த அன்றே மருத்துவரை அழையுங்கள், அளவைக் கால் பங்குக்கு மேல் கூட்ட வேண்டியிருக்கும்.

மாத்திரை வாழ்நாள் முழுக்கவா என்பவர்களுக்கு: பெர்ன் நகரத்துத் தியோடோர் கோஹர் இந்த ஆபரேஷனைச் செம்மைப்படுத்தி 1909-ல் நோபல் பெற்றவர். முழுதாக எடுத்த தன் நோயாளிகள் உடல் ஊதி, அறிவு மங்கிப் போனதை 1883-ல் அவரே வெளியிட்டார். அன்று கொடுக்க மாத்திரை இல்லை.

புற்றுநோயென்றால், எடுத்த சுரப்பியின் பயாப்ஸி முடிவு வந்தபின்தான் கதிரியக்க அயோடின் வேண்டுமா என்று தீர்மானம். எல்லோருக்கும் வேண்டாம். வேண்டுமானால் முன்பு ஓரிரண்டு வாரம் அயோடின் குறைந்த உணவு. பாலூட்டுபவர்கள் குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும்.

---

வாசல்படி எழுதியது:

நன்றி. தழும்பு பற்றியும் சொல்லுங்கள். அஞ்சாம் நாள் காயத்துக்கு மேலே கொழுக்கட்டை மாதிரி வீங்கினால் அதுவும் ரத்தமா? ஒரு பக்கம் மட்டும் எடுத்தவர்களுக்கும் மாத்திரை உண்டா?

---

இரவுப்பணி எழுதியது:

அஞ்சாம் நாள் வலியில்லாமல், அழுத்தினால் தளதளவென்று இருந்தால் பெரும்பாலும் காயத்துக்குள் கசிந்த ஊனீர்த் தேக்கம். சின்னது தானே வற்றும், பெரிதானால் ஊசியில் உறிஞ்சிவிடுவார்கள். சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் தொற்று, அன்றே காட்டுங்கள். காயத்துக்கு மேல் தோல் மரத்துப் போவதும், மூன்றாம் வாரம் தழும்பு தடித்துக் கயிறு போல் உணர்வதும், விழுங்கும்போது தோல் கூடவே இழுபடுவதும் இயல்பு, மாதக்கணக்கில் இளகும். புண் முழுதாக மூடியபின் சிலிகான் ஜெல் இரண்டு மூன்று மாதம், ஒரு வருடம் வெயில் படாமல். கழுத்தைக் கல் மாதிரி அசைக்காமல் வைத்திருக்க வேண்டாம், மறுநாளிலிருந்தே மெதுவாக இடவலம் திருப்புங்கள். வண்டி ஓட்டுவது, வலியில்லாமல் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க முடிந்தபின்.

---

சுரப்பியியல் எழுதியது:

ஒரு மடல் மட்டும் போனால் நாலில் ஒருவர் வாக்கில் மாத்திரை தேவைப்படும். மற்றவர்களுக்கு மிச்ச மடலே சமாளிக்கும். கால்சியம் பயமும் அநேகமாகக் கிடையாது, மறுபக்கத்து இரண்டு பாராதைராய்டு இருப்பதால். ஆனால் ஆறாவது வாரம் டி.எஸ்.எச். பாருங்கள், பிறகு வருடத்துக்கு ஒருமுறை.